கொள்ளு மிதித்த கார்

பலராமனின் வாடகைக் காரில் ஏறியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற உள்கண்ணாடி, பின்சீட்டைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் அழுகிறாரா, தூங்குகிறாரா, யார் தோளில் யார் சாய்ந்திருக்கிறார்கள், எதுவும் அதில் தெரியாது. பின்னால் வருகிற லாரியைப் பார்க்க வெளிக்கண்ணாடி இரண்டு போதும் என்பார் அவர். ஒருமுறை போக்குவரத்து போலீஸ்காரர் ஒருவர் கேட்டதற்கு, "ஏறி உக்காந்துட்டா அது அவங்க வீடு மாதிரி சார். ஒருத்தர் வீட்ட எட்டிப் பாக்கலாமா?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை அப்போதைக்குத் திருப்பி வைத்தார். போலீஸ்காரர் தலை மறைந்ததும் அது மறுபடி கூரையைப் பார்த்தது.

1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது அவருக்கு இருபத்தேழு வயது. யாரோ ஒருவருடைய அம்பாசிடருக்குச் சம்பள டிரைவர். மாவட்டம் பிறந்த கையோடு அதிகாரிகள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். கையெழுத்துக்கு வேலூர், கூட்டத்துக்குச் சென்னை, வீடு பார்க்க வேங்கிக்கால் என்று எல்லோருக்கும் கார் தேவைப்பட்டது. இரண்டே வருஷத்தில் பலராமன் சொந்தமாக ஒரு பழைய அம்பாசிடர் வாங்கிவிட்டார். மற்ற டிரைவர்கள் வேகத்தைக் காட்டி ஆள் பிடித்தார்கள்; சிலர் வாடகையைக் குறைத்துப் பிடித்தார்கள். பலராமன் வாயை மூடிக்கொண்டே பிடித்தார். ஓர் அதிகாரிக்கு ஊரறிந்த வீடு ஒன்று, ஊரறியாத வீடு ஒன்று. இரண்டு வீட்டுக்காரர்களும் பலராமன் வண்டியில்தான் போனார்கள். பதினாலு வருஷம் ஒருவருக்கு இன்னொருவர் இருப்பது தெரியாது. குடியை நிறுத்த மருத்துவமனையில் சேர்ந்த மொத்த வியாபாரி, பெண்ணை மூன்றாம் தடவையாக மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட ஆரணிக்குக் கூட்டிப்போன குடும்பம், எல்லோருக்கும் அவர்தான். அவர் எங்கே போய்வந்தார் என்று அவர் மனைவி சரோஜாவுக்கே தெரியாது. "ஊமைச்சாமிக்கு வாக்கப்பட்டுட்டேன்" என்று அவள் சிரிப்பாள்.

அவருடைய வாடிக்கையாளர்களில் மூத்தவர் சந்திரம்மாள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருநாள் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போவார். என்ன நோய் என்று பலராமன் கேட்டதில்லை. "பசங்களுக்குத் தெரிய வேணாம்பா" என்று முதல்நாள் சொன்னார், அதோடு சரி.

2006இல் அம்பாசிடரைக் கொடுத்துவிட்டுக் கடன் போட்டு ஒரு வெள்ளை இண்டிகா எடுத்தார். மஞ்சள் போர்டு, முறையான பெர்மிட், எல்லாம் சுத்தம். அந்தக் காரை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. மகள் தென்றல் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்ததும் அதனால்தான்.

இங்கேதான் கோதண்டராமன் வருகிறான். சரோஜாவின் தம்பி; பலராமனுக்கு மச்சான். வயதில் சின்னவன் என்பதால் அவன் என்றே சொல்லலாம். வேறு காரணமும் இருக்கிறது, பின்னால் வரும். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அங்கே அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கரைப் பயிர் வைத்துக்கொண்டே, திருவண்ணாமலையில் ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜெண்டாக இருந்தான். இஸ்திரி கலையாத சட்டை, இரண்டு செல்போன், வாய் நிறைய "மாமா." தென்றலுக்குக் காது குத்தியபோது வாசலில் உட்கார்ந்து மொய் எழுதியவன் அவன்தான். முத்து முத்தான கையெழுத்து. கார் கடனுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்ததும் அவனே.

2007 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். கம்பெனியில் புதுத் திட்டமாம். பெட்டியை டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டிவிட்டால் வண்டி எங்கே போகிறது, என்ன வேகம், எத்தனை தடவை திடீர் பிரேக், எங்கே எவ்வளவு நேரம் நின்றது எல்லாவற்றையும் அது பதிந்து அனுப்பும். ஒழுங்காக ஓட்டுகிறவருக்குப் பிரீமியம் குறைவு. பதினெட்டாயிரம் கட்டுகிற இடத்தில் பதிமூன்று கட்டினால் போதும்.

"ஒழுங்கா ஓட்டறவருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு மாமா. இந்த ஊர்ல உங்கள விட்டா யாரு?"

பலராமன் பெட்டியைக் கையில் எடுக்கவே இல்லை. "கம்மியா வருதுன்னு வண்டிக்குள்ள ஒரு ஒற்றன உக்கார வைக்கச் சொல்றியா?"

"இது பின்சீட்டப் பாக்காது மாமா. வண்டிய மட்டுந்தான் பாக்கும்."

"வண்டி எந்த வாசல்ல நின்னுச்சின்னு தெரிஞ்சா, யாரு எறங்கினாங்கன்னு தெரிய எவ்ளோ நேரம் ஆவும்?"

கோதண்டராமன் நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டு, "ரிப்போர்ட் என் கைக்குத்தான் வரும் மாமா. நான் பாத்துக்கறேன். என்மேல நம்பிக்கை இல்லியா?" என்றான்.

சரோஜா அடுப்படியிலிருந்து வந்து, "ஊருக்கெல்லாம் மறைக்கலாம், என் தம்பிக்குமா மறைக்கணும்?" என்றாள்.

பலராமன் ஒன்பது நாள் யோசித்தார். ஒரு பக்கம் ஐயாயிரம் ரூபாய். தென்றலின் ஹாஸ்டலில் அது இரண்டு மாசச் சாப்பாடு. இன்னொரு பக்கம் சந்திரம்மாளின் ஆஸ்பத்திரி வாசல். காசு வேண்டாம் என்று சொல்கிற நிலையில் அவர் இல்லை. ஆனால் பதினெட்டு வருஷமாகக் கட்டிக்காத்த ஒன்றை ஐயாயிரத்துக்கு விற்பதா என்று மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் அவரைச் சாய்த்தது காசு இல்லை. வேண்டாம் என்றால் மச்சானை நம்பவில்லை என்று ஆகிவிடும். அந்தப் பேச்சு வீட்டில் வருஷக்கணக்காக ஓடும். பத்தாம் நாள் பெட்டியை மாட்டச் சொல்லிவிட்டார்.

மாட்டிய பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். வேலூருக்குப் போனால் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு முன்னாலேயே காரை நிறுத்திவிட்டுச் சந்திரம்மாளுக்குக் குடை பிடித்து நடத்தியே கூட்டிப்போனார். "ஏம்பா, வாசல்ல எறக்கி விட மாட்டியா?" என்று அந்தம்மா கேட்டால், "அங்க பார்க்கிங் இல்லீங்கம்மா" என்று பச்சைப்பொய் சொன்னார். காலியாகக் கிடந்த பார்க்கிங்கைத் தாண்டித்தான் இருவரும் உள்ளே போனார்கள். அறுபதுக்கு மேல் முள் ஏறவில்லை. எருமை குறுக்கே வந்தால்கூட அதற்கும் வலிக்காமல், பெட்டிக்கும் வலிக்காமல் பிரேக் போட்டார்.

மாதாமாதம் மதிப்பெண் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று நாலு. "கம்பெனிலயே நீங்கதான் ஃபர்ஸ்ட் மாமா" என்று கோதண்டராமன் தாளை நீட்டினான். எட்டாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்டவர் பலராமன். வாழ்க்கையில் முதன்முறையாகத் தொண்ணூறைத் தாண்டியிருக்கிறார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டில் ஒருவர் விடாமல் காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டிமேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

2008 ஜனவரிக் கடைசியில் கோதண்டராமனின் கொள்ளு அறுவடைக்கு வந்தது. அந்தப் பக்கத்தில் கொள்ளையோ கேழ்வரகையோ அடிக்க யாரும் மாட்டைக் கட்டுவதில்லை. கொடியை அறுத்துத் தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் காயை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போகும். கூலி கிடையாது. ஆனால் அந்த வருஷம் பாலம் கட்டுகிறார்கள் என்று கிளைச்சாலையில் பஸ், லாரி இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். பரப்பிய கொள்ளு பரப்பியபடி கிடந்தது. வானத்தில் மேகம் வேறு.

"மாமா, ஒரு ஓட்டு ஓட்டிக் குடுத்துடுங்க. மழ வந்தா எல்லாம் போச்சி" என்று போன் வந்தது.

மச்சான் கூப்பிட்டால் போகாமல் எப்படி? செவ்வாய்க்கிழமை மத்தியானம் பலராமன் இண்டிகாவை எடுத்துக்கொண்டு போனார். நூற்றைம்பது அடி நீளத்துக்குக் கொள்ளு. அந்த முனை வரை போவார், பின்னாலேயே வருவார், மறுபடி போவார். கோதண்டராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கவைக்கம்பால் கொடியைப் புரட்டிப் புரட்டிச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினான். பக்கத்தில் கேழ்வரகு காயப்போட்டிருந்த மண்ணாங்கட்டி என்கிற விவசாயி, "உங்க மாமா பலே டிரைவருபா. ஒரு கொடிய விடல" என்றார். மூன்று மணி நேரம் ஓடியது. நடுவில் பலராமன் தலையை வெளியே நீட்டி, "டேய், இத்தயும் பெட்டி எழுதுமா?" என்று கேட்டார்.

"எழுதட்டும் மாமா. மெதுவாத்தான போறோம்? இன்னும் ரெண்டு மார்க்கு ஜாஸ்தி வரும்" என்றான் மச்சான். இருவரும் சிரித்தார்கள்.

அதிலிருந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கோதண்டராமன் ஒரு மூட்டைக் கொள்ளைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கினான். வருஷா வருஷம் அக்காவுக்கு ஒரு மூட்டை. அன்று காப்பி குடித்துவிட்டு, பலராமனின் முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

மார்ச் ஆறாம் தேதி சேத்துப்பட்டுச் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிரே காரை ஓரமாக நிறுத்திவிட்டு, பலராமன் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். பிரேக் பிடிக்காத கரும்பு லாரி ஒன்று வந்து இண்டிகாவைத் தள்ளிக்கொண்டுபோய்ப் புளியமரத்தில் வைத்துத் தேய்த்தது. காருக்குள் யாரும் இல்லை, அதுவரை நல்லது. கிளாஸைக் கையில் பிடித்தபடியே அவர் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். லாரிக்கு இன்சூரன்ஸ் தீர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. லாரிக்காரனிடம் பிடுங்க ஒன்றும் இல்லை. காருக்கு இன்னும் மூன்று வருஷத் தவணை பாக்கி. இனி அவருடைய இன்சூரன்ஸ் ஒன்றுதான் கதி.

போலீஸ் ரிப்போர்ட், மெக்கானிக் ரிப்போர்ட் எல்லாம் கொடுத்து ஒரு மாதம் காத்திருந்தார். பதில் வந்தது. ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி வாகனத்தை ஓட்டுநர் பயிற்சிக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், அதனால் நிபந்தனை மீறப்பட்டது, தொகை வழங்க இயலாது.

பலராமன் இரண்டு தடவை படித்தார். ஜனவரி இருபத்தொன்பது என்ன கிழமை என்று காலண்டரைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூற்றைம்பது அடிக்குள் முன்னாலும் பின்னாலும் மூன்று மணி நேரம்! சென்னையில் உட்கார்ந்திருக்கிற புண்ணியவான் எவனோ கார் கற்றுக்கொடுக்கிறார் என்று நினைத்துவிட்டான். ரோட்டில் கொள்ளு மிதிப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? மச்சான் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது.

"இவ்ளோதான? நான் பாத்துக்கறேன் மாமா" என்றான் கோதண்டராமன் போனில். அடுத்த பத்து நாள் இரண்டு செல்போனும் அணைந்தே கிடந்தன.

பதினோராம் நாள் பலராமன் நேராகக் கம்பெனி ஆபீஸுக்கே போனார். அங்கே ஃபைல் பார்க்கிற பெண் பிர்தௌஸ். பொறுமையான பெண். அவர் சொன்ன கொள்ளுக் கதையை முழுக்கக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"நிலத்துக்காரர் எழுதிக் குடுத்தா கேஸ திரும்ப எடுப்பாங்கய்யா. ஆனா..." என்று தயங்கிவிட்டு, ஃபைலில் ஒரு தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "இது ஃபைல்ல ஏற்கெனவே இருக்குது. நீங்க பாத்துடறது நல்லது."

முத்து முத்தான கையெழுத்து. படிப்பதற்கு முன்பே யாருடையது என்று தெரிந்துவிட்டது. 'மேற்படி வாடிக்கையாளர் கிராமத்து இளைஞர்களுக்குப் பணம் பெற்றுக்கொண்டு கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதாக விசாரணையில் தெரியவருகிறது. இதுபற்றி எனக்கு முன்பு தெரியாது.' கீழே கோதண்டராமன் என்று கையெழுத்து. தேதி பிப்ரவரி பதினொன்று.

"உங்க ஏரியாவுல, உங்க ஊருலயே வண்டி இப்டி ஓடியிருக்கே, என்னன்னு மேனேஜர் ஏஜெண்டக் கேட்டாரு" என்றாள் பிர்தௌஸ் மெல்ல. "சொந்த வேலைக்கு வாடிக்கையாளர் வண்டிய எடுத்தா ஏஜென்சிய புடுங்கிடுவாங்க. அந்த பயமா இருக்கும்ய்யா."

மச்சான் என்ன பயத்தில் எழுதினான் என்று பலராமனுக்கும் புரிந்தது. புரிந்ததால் வலி குறைந்துவிடுமா என்ன? கவைக்கம்போடு ரோட்டோரத்தில் நின்றவனைப் பெட்டி எழுதவில்லை. அவனுக்காக வண்டி ஓட்டியவரை மட்டும் ஒவ்வொரு அடியாக எழுதிவைத்தது. அதுகூடப் பரவாயில்லை, அது பெட்டி. இவன் உடம்பில் ரத்தம் ஓடுகிற மனுஷன். ஒரு நகலை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே என்று வாய்விட்டே சொன்னார். எதிரே வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் சரோஜா முறத்தில் கொள்ளைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரோட்டில் மிதித்த கொள்ளு. தார்க்கல் நிறைய இருக்கும். விடுமுறைக்கு வந்திருந்த தென்றல் பக்கத்தில் இருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டதும், "இருக்காதுங்க. என் தம்பி அப்டி எழுத மாட்டான்" என்றாள் சரோஜா. தாளை நீட்டினார். அவள் படித்தாள்.

"பொழப்பு போயிடும்னு பயந்துட்டிருப்பான். ரெண்டு புள்ளய வச்சிருக்கான்."

"அப்ப என் பொழப்பு?" என்றார் பலராமன். அவர் அந்த வீட்டில் குரலை உயர்த்தியது அன்றுதான். மனைவியும் கைவிட்டால் தனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று இருந்தது அவருக்கு.

தென்றல் தாளை வாங்கிப் பார்த்தாள். "அம்மா, பதினொண்ணு திங்கக்கிழம. மாமா மூட்ட எடுத்துக்கினு வந்தது அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழம. இத்த எழுதிக் குடுத்துட்டுதான் நம்ம வூட்டுக்கு வந்து காப்பி குடிச்சிருக்காரு."

சரோஜாவின் கை முறத்தில் அப்படியே நின்றது. பிறகு முறத்தில் இருந்ததை எல்லாம், பொறுக்கிய கல்லோடு சேர்த்து, மூட்டையிலேயே திரும்பக் கொட்டினாள். எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். அவள் அப்பா செத்துப் பதினொரு வருஷம். மூன்று ஏக்கருக்கும் கூட்டுப் பட்டா; தம்பி பேரோடு அவள் பேரும் அதில் இருந்தது. ஒருநாளும் அவள் பங்கு கேட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு மூட்டைக் கொள்ளோடு சரி.

"நிலத்துக்காரரு எழுதணும்னுதான சொன்னாங்க? நானும் நிலத்துக்காரிதான்" என்றாள்.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறினார்கள். முதலில் கீழ்பென்னாத்தூர். மண்ணாங்கட்டி விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கு இன்னா யோசன? கண்ணால பாத்தத சொல்றதுக்கு இன்னா?" என்று நின்ற நிலையில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை அந்த மனிதருக்கு. அடுத்து இன்சூரன்ஸ் ஆபீஸ். 'அந்தக் கொள்ளு என் நிலத்தில் விளைந்தது. அதை என் கணவர் எனக்காக மிதித்துக் கொடுத்தார். கற்றுக்கொடுத்ததாகச் சொல்வது பொய்' என்று சரோஜா தன் கோணல் எழுத்தில் எழுதினாள். பொய் என்ற சொல்லை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது.

ஆகஸ்டில் பணம் வந்தது. அதுவரை பலராமன் மற்றவர்கள் காருக்கு ஆக்டிங் டிரைவராகப் போனார். வந்த பணம் பழைய கடனை அடைத்தது போக, ஒரு பழைய இண்டிகா வாங்கத்தான் போதுமாக இருந்தது. அதற்கு முழுப் பிரீமியம், வேறு கம்பெனி, பெட்டி இல்லை.

கோதண்டராமனுக்கு ஏஜென்சி போகவில்லை, எச்சரித்து விட்டுவிட்டார்கள். செப்டம்பரில் ஒருநாள் காலையில் அவன் வாசலில் வந்து நின்றான். இத்தனை மாதமும் பலராமன் ஒரே ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். 'தப்பு பண்ணிட்டேன் மாமா' என்று சொல்லிவிட்டால் போதும், அழுதுவிடுவோம் என்றுகூட அவருக்குப் பயமாக இருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

கோதண்டராமன் உட்காரவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. "அக்கா, ஆபீஸ்ல பட்டா நகல் குடுத்தியாமே. நெலத்துல பங்கு கேக்கற ஐடியாவா?"

அவ்வளவுதான் அவன் கேட்க வந்தது.

சரோஜா காப்பி டம்ளரோடு நின்றிருந்தாள். "இதுவரைக்கும் இல்ல. இப்ப வந்துச்சி" என்றாள். டம்ளரைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மாதம் சந்திரம்மாளை வேலூருக்குக் கூட்டிப்போகிற நாள் வந்தது. பெட்டி இல்லாத காரில் ஆஸ்பத்திரி வாசலுக்கே போகலாம் என்று பலராமன் சொன்னார். அந்தம்மாவுக்கு உடம்பு மிகவும் தளர்ந்திருந்தது. போளூர் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"பலராமா, கண்ணாடி என்ன, என்னப் பாக்குது?"

"ரோடு சரியா தெரியலீங்கம்மா. அதான்."

சந்திரம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அது கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தது. பலராமனுக்கு வெட்கமாக இருந்தது. கையைத் தூக்கிக் கண்ணாடியைத் தொட்டார். ஆனால் திருப்பவில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்காமல் இனி அவரால் ஓட்ட முடியாது.